ஐந்தாம் வீட்டு வாசல்

நம் சங்க மலருக்கு அந்தக் காலத்துக் கல்கத்தாவைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். டிராமைப் பற்றியும் லேக் மார்க்கெட்டில் வறுத்து அரைத்த காப்பிப்பொடியின் வாசனையைப் பற்றியும் உங்களில் யாராவது கட்டாயம் எழுதுவீர்கள். நான் வேறொன்று எழுதுகிறேன். போன மாதம் வரை இதை எழுதும் எண்ணம் எனக்கு இல்லை.

போன மாதம் எங்கள் அடுக்ககத்துப் பூஜைக் கமிட்டியிலிருந்து இரண்டு இளைஞர்கள் ஒரு தாளோடு வந்தார்கள். நான் இருப்பது நியூ டவுனில், ஒன்பதாவது மாடி. தாளில் கட்டம் போட்டிருந்தது: ஃப்ளாட் எண், பெயர், தாய்மொழி, பூர்வீகம்.

"எதற்கு இது?" என்றேன்.

"போக் கொடுக்கத்தான் ஆன்ட்டி. யாருக்கு எத்தனை பொட்டலம்னு தெரியணும்ல."

பிரசாதப் பொட்டலத்துக்குத் தாய்மொழி எதற்கு என்று கேட்கவில்லை. என் வரிசையை நிரப்பினேன். அவர்களில் மூத்தவன் எதிர் ஃப்ளாட்டைக் காட்டினான்.

"இவங்க எப்பப் பார்த்தாலும் பூட்டியே வச்சிருக்காங்க. யாரு ஆன்ட்டி இவங்க? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன். தெரியும். ஒரு கணவன், மனைவி, யூகேஜி படிக்கும் ஒரு பையன். வாசலில் பெயர்ப்பலகை இல்லை. அது ஏன் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தபோது எனக்கு ஒன்பது வயது ஆகியிருந்தது.

கார்டன் ரீச்சுக்கும் தெற்கே, ஆற்றை ஒட்டி, அப்போது எங்கள் ஊர் தனி ஊராக இருந்தது. இன்று மாநகராட்சிக்குள் ஒரு வார்டு. அன்று குளங்களும் வாழைத்தோட்டமும், மழைக்குப் பிறகு ஒரு வாரம் வடியாத தெருவும்தான். அப்பா ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. குவார்ட்டர்ஸுக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தோம். அதுவரைக்கும் என்று சொல்லி, பத்து வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் ஒரு லைனில் நாலாம் வீட்டை வாடகைக்கு எடுத்தார். அந்த 'அதுவரைக்கும்' பத்தொன்பது வருஷம் நீடித்தது.

அந்தப் பத்து வீட்டில் எத்தனை வகை மனிதர்கள் இருந்தார்கள் என்று வாசல்களை வைத்தே சொல்லலாம். முதல் வீடு வங்காளி டீச்சர், விதவை. நான் மாஷிமா என்று கூப்பிடுவேன். அவர் நிலைப்படியில் லட்சுமி பூஜைக்கு இட்ட வெள்ளைப் பாதங்கள் அடுத்த மழை வரைக்கும் இருக்கும். இரண்டாம் வீட்டு ஒடியா சமையல்காரர் கதவில் ஜகந்நாதர் படம். மூன்றாம் வீட்டுத் தெலுங்கு அத்தை சுண்ணாம்புக் கல்லால் நாலு கோடு இழுத்து, அவர்கள் 'முக்கு' என்று சொல்லும் கோலத்தைப் போடுவார். அவசரக்காரி. நாலாவது நாங்கள். ஆறில் பிகாரிக் குடும்பம், கதவுக்கு இரு பக்கமும் சிவப்புக் கைப்பதிவுகள். ஏழில் ரிட்டயரான ஆங்கிலோ இந்திய ரயில் கார்டும் அவர் நாயும். டிசம்பர் வந்தால் அங்கே காகித நட்சத்திரம் தொங்கும், பிப்ரவரி வரை யாரும் அதை இறக்க மாட்டார்கள். மற்ற மூன்றில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும்.

ஐந்தாம் வீட்டு வாசலில் எதுவும் இருக்காது. பச்சைச் சாக்குப்படுதா ஒன்று மட்டும்.

அந்த வீட்டுக்காரர் தையல் மாஸ்டர். அங்கே அவர்களை ஓஸ்தாகர் என்பார்கள். மெலிந்த மனிதர், வாயில் எப்போதும் குண்டூசி இருப்பதால் பேச்சு குறைவு. அவர் மனைவியை நான் காலா என்பேன். அங்கத்து முஸ்லிம் வீடுகளில் சித்திக்கு அதுதான் சொல். அவர்களுடைய ஒரே மகள் என் வயது. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். அதில் மேலே இரண்டு கல் பெயர்ந்த ஓட்டை. அதன் வழியாகப் புளியங்கொட்டை, பழைய காலண்டர், பேன்சீப்பு எல்லாம் போய் வரும்.

அவளிடம் ஒரு சொத்து இருந்தது. துணியில் அளவு குறிக்கும் நீலச் சாக்கட்டி. முக்கோணமாக, ஓரம் தேய்ந்து, பிடித்தால் விரலில் மெழுகு போல வழுக்கும். அதை வைத்துக்கொண்டு அம்மாவின் கோலத்தைப் பார்த்து எங்கள் பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் போட்டுப் பார்ப்பாள். ஐந்து புள்ளிச் சிக்குக் கோலம். புள்ளி சரியாக வரும். கம்பியும் வளைந்து வளைந்து வரும். கடைசியில் இடது கீழ் மூலையில் ஒரு வளைவு மூடாமல் நின்றுவிடும். ஒரு தடவைகூட அவள் அதை மூடியதில்லை.

"கோட்டை மூடுட்டி. தொறந்து கெடந்தா அது கோலம் இல்ல, கிறுக்கல்" என்பாள் அம்மா, திருநெல்வேலித் தமிழில்.

அவளுக்குத் தமிழ் தெரியாது. "கீ போல்ச்சேன்?" என்று என்னிடம் கேட்பாள், என்ன சொல்கிறார் என்று. நான் மொழிபெயர்ப்பேன். சிரித்துவிட்டு மறுபடியும் திறந்தே விடுவாள்.

அந்த மார்கழியில் குளிர் அதிகம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஏதோ நடந்ததாகச் செய்தி வந்தது. இந்தப் பக்கம் அதற்குப் பதில் தொடங்கியது. நாங்கள் முதலில் பார்த்தது புகையைத்தான். ஆற்றின் வளைவில் மூங்கில் தொட்டிகள் இருக்கும் இடத்தில், காலையில் மூடுபனி போல நின்றது. மத்தியானம் ஆகியும் கலையாதபோதுதான் அது மூடுபனி இல்லை என்று புரிந்தது. பள்ளிக்கூடம் மூடினார்கள். டவுனுக்குப் போன பால்காரர் வரவில்லை. ஏழாம் வீட்டு நாய் இரண்டு நாள் குரைத்துவிட்டு மூன்றாம் நாள் நிறுத்திக்கொண்டது. அது நிறுத்தியதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்று பதினோரு மணி வாக்கில் ஏழெட்டுப் பேர் லைனுக்குள் வந்தார்கள். எங்கள் ஊர் ஆட்கள் இல்லை. ஓடி வரவில்லை, கத்தவில்லை. வீடு தேடுகிறவர்கள் போல ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். நான் ஜன்னல் இடுக்கில் இருந்தேன். எங்கள் வாசலுக்கு வந்ததும் முன்னால் வந்தவன் நின்றான். பழுப்பு மப்ளர் கட்டியிருந்தான். அம்மா விடியற்காலையில் போட்ட கோலத்தைக் குனிந்து பார்த்தான்.

"மாத்ராஜி" என்றான். "சோல்." மதராசி வீடு, விடு, போகலாம் என்று அர்த்தம்.

ஆனால் அவர்கள் ஐந்தாம் வீட்டைத் தாண்டும்போது அவன் ஒருமுறை திரும்பிப் பச்சைப் படுதாவைப் பார்த்தான். தெருமுனையில் ஒரு போலீஸ் வண்டியின் சத்தம் கேட்டது. வேகமாக நடந்து மறைந்தார்கள்.

நான் கேட்டதை அம்மாவிடம் சொன்னேன். அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு, "மறுபடி சொல்லு" என்றாள். மறுபடி சொன்னேன்.

மறுநாள் ஐந்து மணிக்கு அம்மா எங்கள் வாசலில் கோலம் போட்டு முடித்தாள். பிறகு மாவுக் கிண்ணத்தோடு ஐந்தாம் வீட்டு வாசலுக்குப் போய்த் தண்ணீர் தெளித்தாள். அங்கேயும் ஐந்து புள்ளி. எங்களுடையதைவிடச் சுத்தமாக இருந்தது.

காலா படுதாவை விலக்கிப் பார்த்தார். அவருக்கு அப்போது எட்டாம் மாசம், நிற்பதற்கே சுவரைப் பிடிக்க வேண்டும். அம்மாவுக்கு வங்காளி அரைகுறை. கோலத்தைக் காட்டினாள், நெஞ்சில் கை வைத்து "மாத்ராஜி" என்றாள், காலாவைக் காட்டி "மாத்ராஜி" என்றாள். பிறகு படுதாவைக் கழற்றி மடித்து உள்ளே கொடுத்தாள். காலா புரிந்துகொண்டார். சிரிக்கவும் செய்தார்.

"தாஹோலே ஆமாக்கேஓ இட்லி ஷேகாத்தே ஹோபே" என்றார்.

"இட்லி செய்யவும் சொல்லித் தரணுமாம்" என்று நான் மொழிபெயர்த்தேன்.

"சொல்லித் தாரேன்னு சொல்லு. மொதல்ல புள்ளயப் பெறட்டும்."

அன்று மத்தியானமே காலாவின் அண்ணன் ஒரு தட்டு ரிக்‌ஷாவோடு வந்தார். அவர் இருந்த பக்கம் முழுக்க அவர்கள் ஆட்கள், அங்கே வந்துவிடுங்கள் என்றார். சுவர் ஓட்டை வழியாக எல்லாம் கேட்டது. ஓஸ்தாகர் வாயிலிருந்து குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டுப் பேசினார், அதனால்தான் விஷயம் பெரிது என்று எனக்குத் தெரிந்தது. நாலு மைல் ரோடு, நடுவில் இரண்டு இடத்தில் தடுப்புப் போட்டிருக்கிறார்கள், இந்த நிலைமையில் இவளை எப்படிக் கொண்டுபோவது, இங்கே பாபி இருக்கிறார் என்றார். பாபி என்றது அம்மாவை. அண்ணன் வாசலை எட்டிப் பார்த்தார்.

"இந்த மாவா உங்களைக் காப்பாத்தப் போகுது?"

"நேற்று பக்கத்து வீட்டைக் காப்பாற்றியதே" என்றார் ஓஸ்தாகர்.

அண்ணன் காலி வண்டியோடு திரும்பினார். இரவு சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "மதராசிக்கு இந்த ஊர்ல சத்துரு கிடையாது. நீ செஞ்சது சரிதான்." அப்பா அப்படி அம்மாவைப் பாராட்டி நான் அதிகம் கேட்டதில்லை.

நாலு நாள் இரண்டு வாசலிலும் கோலம் இருந்தது. மப்ளர்க்காரன் இரண்டாம் முறை வந்தபோது இரண்டையும் பார்த்தான். ஏதோ கணக்குப் போடுகிறவன் போல நின்றான். போய்விட்டான்.

நாலாம் நாள் மாலை தந்தி வந்தது. ஊரடங்கு தளர்ந்த ஒரு மணி நேரத்தில் தந்திக்காரர் சைக்கிளில் வந்து கொடுத்துவிட்டுப் பறந்தார். ஊரில் அப்பாவின் பெரியப்பா இறந்துவிட்டார். அப்பா தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து தந்தியைக் கிழித்துப் போட்டார். அம்மாவும் நானும் தலை முழுகினோம். பங்காளித் தீட்டு, பதினாறு நாள். விளக்கு கிடையாது, கோலம் கிடையாது. உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஈரத்தலையோடு அம்மா அடுக்களை வாசலில் நின்றாள்.

"நம்ம வாசலுக்குப் போடக்கூடாது, சரி. அந்த வீட்டுக்கு?"

"நீ என்ன சொல்லுத? தீட்டுக் கையோட மாசமா இருக்கவ வாசல்ல போடுவியா?"

அம்மா தன் கையைப் பார்த்தாள். "இல்ல. அது வயித்துப் புள்ளைக்கு ஆகாது."

"பின்ன?"

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருதேன்."

"தீட்டோட அவங்க நடைய மிதிக்காண்டாம். விடியட்டும், யார்கிட்டயாவது சொல்லிவிட்டுக்கிடலாம்."

இருவருமே அந்தக் குழந்தைக்கு நல்லது நினைத்துத்தான் பேசினார்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். தெலுங்கு அத்தைக்கும் நாலு கோடு இழுக்கத் தெரியும், அவரிடம் கேட்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. சுவரில் ஓட்டை இருந்தது, நான் இருந்தேன், எனக்கு வங்காளி நன்றாகத் தெரியும். என்னை யாரும் அனுப்பவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பெரியவர்கள் விடியட்டும் என்றால் விடியட்டும்தான்.

விடிந்தபோது என்னை எழுப்பியது அம்மாவின் குரல். கதவைத் திறந்து வாசலில் நின்றிருந்தாள். அவள் காலடியில் எங்கள் நடையில் ஒரு கோலம். ஐந்து புள்ளி.

"சாவு வீட்டு வாசல்ல கோலம் போட்டிருக்கியே, அறிவு கெட்டவளே!"

நான் இல்லை என்று சொல்வதற்கு முன் கன்னத்தில் அறை விழுந்தது. அப்பா உள்ளிருந்து, "அழி, அழி, யாரும் பாக்கதுக்குள்ள அழி" என்றார். அம்மா வாளியை எடுத்துத் தண்ணீரைக் கொட்டினாள்.

கோலம் உடனே கரையவில்லை. மாவாக இருந்தால் கரைந்திருக்கும். தண்ணீருக்கு அடியில் கோடுகள் நீலமாகத் தெரிந்தன. இடது கீழ் மூலையில் ஒரு வளைவு மூடாமல் நின்றது.

அம்மா வாளியைக் கீழே வைத்தாள். ஐந்தாம் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே வாசல் உலர்ந்து வெறுமையாக இருந்தது. கதவில் பூட்டு.

நடந்ததை நான் பிற்பாடு இப்படித்தான் கோத்து வைத்திருக்கிறேன். ஐந்து மணிக்குப் படுதா இல்லாத கதவைத் திறந்து அவர்கள் வாசலைப் பார்த்திருக்கிறார்கள். கோலம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பயந்துவிட்டார்கள், இனி உங்களுக்கு நாங்கள் இல்லை என்று சொல்கிறார்கள் என்றுதான் ஒருவர் அதைப் படிக்க முடியும். பூட்டிவிட்டுக் கிளம்பினார்கள். அப்போது அவர்கள் மகள் எங்கள் வாசலும் வெறுமையாக இருப்பதைப் பார்த்திருக்கிறாள். அவள் அதை எப்படிப் படித்தாள் என்று எனக்குத் தெரியாது. மறந்துவிட்டோம் என்று நினைத்திருக்கலாம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்திருக்கலாம். அவளுடைய அப்பாவும் அம்மாவும் காத்து நிற்க, குனிந்து புள்ளி வைத்து, அத்தனை வளைவும் போட்டிருக்கிறாள். எனக்கு ஐந்து புள்ளிக் கோலம் போட இன்றைக்கும் நாலு நிமிஷம் ஆகிறது.

எட்டு மாசக் கர்ப்பிணி ஒருத்தி அந்தக் குளிரில் தெருவில் நாலு நிமிஷம் நின்றிருக்கிறார், எங்களுக்காக.

அன்று மூன்று மணிக்கு அவர்கள் வந்தார்கள். இந்த முறை இருபது பேருக்கு மேல். மப்ளர்க்காரன் நேராக எங்கள் கதவைத் தட்டினான். அப்பா திறந்தார்.

"ஆமி மாத்ராஜி" என்றார் அப்பா. "ரயில்வே."

"தாஹோலே ஆல்போனா கோய்?" அப்படியென்றால் கோலம் எங்கே?

அப்பாவின் வங்காளி காய்கறி வாங்கும் அளவுக்குத்தான். தீட்டுக்கு என்ன சொல் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். பின்னால் நின்ற ஒருவன் சிரித்தான். அப்பாவின் பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. ஜனவரிக் குளிரில் வேர்வை.

"ஓஷௌச்" என்றேன் நான், அவர் இடுப்புக்குப் பின்னாலிருந்து. "தாது மாரா கேச்சேன்." தீட்டு, தாத்தா இறந்துவிட்டார்.

மப்ளர்க்காரன் என்னைப் பார்த்தான். கையிலிருந்த இரும்புக் கம்பியை இடது கைக்கு மாற்றினான். வலது கையை நெற்றியில் தொட்டு எடுத்தான். "எத்தனை வயசு அவருக்கு?" என்று கேட்டான். எண்பத்திரண்டு என்றேன். "நல்ல சாவு" என்று தலையசைத்தான். மெதுவாக எங்கள் கதவைச் சாத்தினான்.

பிறகு ஐந்தாம் வீட்டுப் பூட்டு உடையும் சத்தம் கேட்டது.

ஓட்டை வழியாக நான் பார்க்காதபடி அம்மா முந்தானையைச் சுருட்டி அதில் அடைத்தாள். தையல் மெஷினைத் தூக்கும்போது அது சுவரில் இடித்தது. மண்ணெண்ணெய் வாசனை வந்தது. ஒரே கூரை என்று முதல் வீட்டு மாஷிமா வெளியே வந்து கத்தினார். "எரித்தால் என்னையும் சேர்த்து எரி!" அதனால் தீ வைக்கவில்லை. மற்ற எல்லாம் போயிற்று.

ஓஷௌச். ஒரே ஒரு சொல். அதை முந்தின நாள் மாலை அந்த ஓட்டையில் வாய் வைத்து நான் சொல்லியிருந்தால் போதும். அவர்கள் மதத்துக்காரர்களானாலும் அந்த ஊரில் அந்தச் சொல் தெரியாதவர் இல்லை. சொல்லியிருந்தால் இருந்திருப்பார்கள். இருந்திருந்தால் அன்று மூன்று மணிக்கும் உள்ளேயே இருந்திருப்பார்கள். இரண்டையும் யோசித்து யோசித்து நான் எந்த முடிவுக்கும் வரவில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்று தெரியவில்லை. அமைதி திரும்பிய பின் அப்பா இரண்டு முறை அந்தப் பக்கம் போய் விசாரித்தார். காலாவின் அண்ணன் வீடு இருந்த சந்தே இல்லை என்று வந்து சொன்னார். பிற்காலத்தில் நான் பத்திரிகை அலுவலகத்தில் செய்திப் பிரிவில் சேர்ந்தபோது, பழைய தொகுப்புகளில் அந்த வாரத்து இதழ்களை எடுத்துப் பார்த்தேன். எங்கள் ஊருக்கு இரண்டு வரி ஒதுக்கியிருந்தார்கள். நிலைமை கட்டுக்குள் இருப்பதாக.

பிறகு ஐந்தாம் வீட்டுக்கு ஒரு மிஷின் ஃபிட்டர் குடும்பம் வந்தது. அம்மா தினமும் அவர்கள் வாசலிலும் கோலம் போட்டாள். மதராசிப் பைத்தியம் என்று அவர்கள் சிரித்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். பதினைந்து வருஷம் கழித்து அப்பா இறந்தபோது, ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் காலையில் பார்த்துத் திடுக்கிட்டார்கள். எங்கள் வாசல் வெறுமையாக இருந்தது. தாலியறுத்து மூன்றாம் நாள், அம்மா பக்கத்து வாசலில் குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். என் அத்தை போய்க் கையைப் பிடித்தார்.

"தீட்டுக் கைலா மதினி இது!"

"ஆமா" என்றாள் அம்மா. கையை விடுவித்துக்கொண்டு கோட்டை மூடினாள்.

பூஜைக் கமிட்டியின் தாள் நேற்று லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டுவிட்டது. எங்கள் மாடியில் நாலு வரிசை. மூன்று நிரம்பியிருக்கிறது. எதிர் ஃப்ளாட்டின் வரிசை வெறுமை. கண்ணாடி போடாமலே, லிஃப்ட் கதவு திறக்கும் இடத்திலிருந்தே அது தெரிகிறது.

பேனாவை எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் கட்டத்தில் 'தமிழ்' என்று எழுத ஒரு நிமிஷம் போதும். என் எழுத்தை இங்கே யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மூடியைக் கழற்றினேன். தாளுக்கு முன்னால் நின்றேன்.

பிறகு மூடியைப் போட்டுவிட்டு, திரும்பி வந்து, எதிர் ஃப்ளாட்டின் மணியை அழுத்தினேன். உள்ளே டிவியின் சத்தம் சட்டென்று நின்றது. யாரும் வரவில்லை. கதவின் கண்ணாடித் துளைக்குப் பின்னால் வெளிச்சம் மறைந்தது. யாரோ நின்று என்னைப் பார்க்கிறார்கள்.

"நான்தான், எதிர் வீடு" என்றேன் வங்காளியில். "உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்."

நிற்கிறேன்.